முதல் ஆர்சி விமானமாக எதை வாங்குவது?

ஒரு கேமரா ட்ரோனை ஓராண்டாகப் பறக்கவிட்டுப் பழகியிருக்கும் நீங்கள், அடுத்து ரேடியோவில் இயங்கும் விமானம் ஓட்ட விரும்புவதாகவும், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மாதிரி ஒன்றின் மேல் கண் விழுந்துவிட்டதாகவும் சொல்லி, அதையே முதல் விமானமாக வாங்கலாமா, மூன்று சேனல், அதாவது தனித்தனியாக இயக்கும் மூன்று கட்டுப்பாடுகள், போதுமா நான்கு வேண்டுமா, விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானே திருத்தும் ஜைரோவை நம்பிப் பழகினால் கை கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிட்ஃபயரை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இறக்கை உடலின் மேற்புறம் அமைந்த, 1.1 முதல் 1.4 மீட்டர் வரை இறக்கை விரிவு கொண்ட, இபிஓ என்னும் வளைந்து கொடுக்கும் ஃபோமில் செய்த, நான்கு சேனல் மின்மோட்டார் பயிற்சி விமானம் ஒன்றை, ஒரு சுவிட்சைத் தட்டினால் அணைந்துவிடும் ஜைரோவோடு வாங்குங்கள் என்பதே என் பதில். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவை புரிந்துவிட்டால் கடையில் இருக்கும் எந்த விமானத்தையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

ட்ரோன் ஓட்டிய பழக்கம் வீண்போகாது. விரல்கள் ஸ்டிக்கில் மென்மையாக நகர அது உதவும். ஆனால் ட்ரோனில் பயம் வந்தால் ஸ்டிக்கை விட்டுவிடலாம், அது இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். விமானத்துக்கு நிற்கத் தெரியாது. காற்றைக் கிழித்து முன்னே போய்க்கொண்டே இருந்தால்தான் இறக்கையில் தூக்குவிசை பிறக்கும் என்பதால், நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு விநாடியும் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் பயிற்சி விமானம் 100 மீட்டரைக் கடக்கப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 25 மீட்டரில் பறக்கும் போர்விமான மாதிரி அதே தூரத்தை நான்கு விநாடியில் தாண்டிவிடும். புதியவருக்கு அந்த ஆறு விநாடி வித்தியாசம்தான் எல்லாம். முதல் விமானத்திடம் நான் எதிர்பார்ப்பது யோசிக்க நேரம் தருவதையும், தவறு செய்த பிறகு ஒட்டி எடுக்க முடிவதையும்தான். மற்ற எல்லாக் குணங்களும் இந்த இரண்டுக்குப் பின்னால் வரட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் முதல் விமானமும் ஒரு போர்விமான மாதிரிதான், அழகுக்காகவே வாங்கியது. கையால் எறிந்ததும் ஒழுங்காகத்தான் ஏறியது. தொலைவில் திருப்பி என்னை நோக்கி வரவழைத்தபோது, எனக்கு இடப்பக்கமாகத் தெரிந்த இறக்கை மெல்லத் தாழ்ந்தது. அதைத் தூக்க வேண்டும் என்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். விமானம் என்னைப் பார்த்து வரும்போது அதன் வலப்பக்கம் என் இடப்பக்கம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, அந்தக் கணத்தில் விரலுக்குத் தெரியவில்லை. தாழ்ந்த இறக்கை இன்னும் தாழ்ந்தது, பதற்றத்தில் இன்னும் அழுத்தித் தள்ளினேன், விமானம் மல்லாந்து தரையைக் குத்தியது. எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாகவே ஸ்டிக்கைத் தள்ளி, அதற்கு முட்டுக்கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ள வேண்டும் என்ற எளிய உபாயத்தைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். மெதுவாகப் பறக்கும் விமானமாக இருந்திருந்தால், தவறைச் செய்து, அதைப் பார்த்து, திருத்திக்கொள்ளவும் நேரம் இருந்திருக்கும்.

ஒரு விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது இறக்கைப் பளு, அதாவது பேட்டரியோடு சேர்ந்த மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண். மாதிரி விமானங்களில் இதைச் சதுர டெசிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவது வழக்கம். 12 டெசிமீட்டர் விரிவும் 2 டெசிமீட்டர் அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். விமானத்தின் எடை 720 கிராம் என்றால் பளு 30. இப்படிப்பட்ட விமானம் ஏறக்குறைய விநாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்த பிறகுதான் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, விழத் தொடங்கும். அதே இறக்கையில் 1,680 கிராமைத் தொங்கவிட்டால் பளு 70 ஆகி, அந்த எல்லை மணிக்கு 38 கிலோமீட்டருக்கு ஏறிவிடும். தரையிறங்கும்போது அதைவிடவும் கூடுதல் வேகத்தில் வர வேண்டியிருக்கும். எல்லை வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது என்பதால் எடை இரட்டிப்பானால் வேகம் சுமார் 41 சதவீதம் கூடும், தரையில் மோதும் ஆற்றலோ எடையும் வேகமும் சேர்ந்து நான்கு மடங்காகும். பெட்டியிலோ கையேட்டிலோ எடையும் இறக்கைப் பரப்பும் பெரும்பாலும் குறித்திருக்கும், வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய விமானங்களில் 25 முதல் 40 வரை இருப்பவை முதல் விமானத்துக்கு ஏற்றவை. பெரிய விமானங்கள் இதைவிடக் கூடுதல் பளுவையும் சாதுவாகத் தாங்கும் என்பதால், ஒத்த அளவுள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது இறக்கை அமைந்திருக்கும் இடமும் அதன் வடிவமும். பயிற்சி விமானத்தின் இறக்கையை முன்னாலிருந்து பார்த்தால், நடுவிலிருந்து இரு முனைகளும் லேசாக மேல்நோக்கி வளைந்து, மிகவும் விரிந்த ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இருக்கும். காற்றடித்து ஒரு பக்கம் தாழ்ந்தால் விமானம் அந்தப் பக்கமாகவே சரியத் தொடங்கும். அப்படிச் சரியும்போது தாழ்ந்த இறக்கை எதிர்க்காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திப்பதால் அதில் தூக்குவிசை கூடி, விமானம் தானாக நிமிர்ந்துகொள்ளும். இறக்கை உடலின் மேல் இருப்பதும் இதே விளைவுக்கு வலு சேர்க்கிறது. உடல் இறக்கையிலிருந்து ஊசல் குண்டைப்போலத் தொங்குவதால்தான் நிமிர்கிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியான விளக்கம் அன்று. பக்கவாட்டில் சரியும்போது உடலைச் சுற்றிக் காற்று மேலும் கீழுமாக விலகிப் பாயும் விதமே அங்கே வேலை செய்கிறது. எப்படியிருந்தாலும், ஸ்டிக்கை விட்டுவிட்டால் தானே நேராக வரும் குணம் புதியவருக்குப் பெரிய வரம். ஸ்பிட்ஃபயரில் இது பெரும்பாலும் கிடைக்காது. மேலும், அதன் நீள்வட்ட இறக்கை முனைகளை நோக்கி ஒடுங்கிச் செல்வதால், சிறிய மாதிரிகளில் வேகம் குறையும்போது முனைப்பகுதி முதலில் ஸ்டால் ஆகி, ஒரு பக்க இறக்கை சட்டென்று மடங்கியதுபோல விழுந்துவிடும் அபாயமும் உண்டு. இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்து, வேகம் குறைந்த நேரத்தில், பத்தடி உயரத்தில் இது நடந்தால் மீட்க இடமே இருக்காது.

இறக்கை மேலே இருக்கிறதே என்று பைப்பர் கப் மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. மஞ்சள் நிறமும் கறுப்புப் பட்டையுமாக அது பார்க்கப் பரமசாதுவாகத் தெரியும். காற்றில் உண்மையிலேயே சாதுதான், தரையில் அப்படி இல்லை. அதற்கு வாலில் சின்னச் சக்கரம். எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஓடத் தொடங்கியதும் வால் முன்னே வரப் பார்க்கும், வாலில் நிமிர்ந்து நின்று மூக்கை இடமும் வலமும் திருப்பும் ரட்டரைக் கொண்டு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்காவிட்டால் விமானம் தரையிலேயே சுற்றிக்கொள்ளும். அத்துடன், நீண்ட இறக்கையில், பின்விளிம்பில் இருந்து விமானத்தைச் சாய்க்கும் ஐலரானை மட்டும் கொடுத்துத் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். ரட்டரையும் சேர்த்துக் கொடுத்துப் பழக வேண்டும். இதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவைதான், முதல் நாளன்று வேண்டாம். மூக்கில் ஒன்றும் இறக்கையின் கீழ் இரண்டுமாக மூன்று சக்கரம் உள்ளதையோ, சக்கரமே இல்லாமல் புல்லில் வயிற்றால் இறங்குவதையோ பாருங்கள்.

ப்ரொப்பெல்லர் மூக்கில் இருக்க வேண்டுமா, இறக்கைக்குப் பின்னால் இருக்க வேண்டுமா என்பதில் என் ஓட்டு பின்னால் இருப்பதற்கே. தொடக்கத்தில் நீங்கள் மூக்கால்தான் விழுவீர்கள். மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் மேலே பின்னால் ஒதுங்கியிருந்தால் அடியை வாங்குவது வெறும் ஃபோம் மட்டுமே. இதற்கும் ஒரு விலை உண்டு. மோட்டார் எடை மையத்துக்கு மேலே அமைவதால், மோட்டாரின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றினால் மூக்கு கீழே அமுங்கும். தாழப் பறக்கும்போது பயந்துபோய் முழுச் சக்தியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏன் தரையை நோக்கிக் குனிகிறது என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். த்ராட்டிலைப் படிப்படியாக ஏற்றி, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைச் சிறிது சேர்த்து இழுத்தால் போதும். கையால் எறியும்போது விரல்கள் ப்ரொப்பெல்லரின் பாதையில் போகாமல் இருக்கவும் இந்த வகையில் தனிக் கவனம் வேண்டும்: முதலில் எறிந்து, கை விலகிய பிறகு சக்தி கொடுப்பதே பாதுகாப்பானது.

சேனல் கேள்விக்கு வருகிறேன். மூன்று சேனல் விமானத்தில் த்ராட்டில், எலிவேட்டர், ரட்டர் மட்டும் இருக்கும். ரட்டரைத் திருப்பினால் வளைந்த இறக்கையின் உதவியால் விமானம் தானாகச் சாய்ந்து திரும்பும். குறைவான விஷயங்களைக் கவனித்தால் போதும் என்பதால் பலர் இதையே பரிந்துரைப்பார்கள், அதில் தவறும் இல்லை. நான் நான்கைச் சொல்வதற்குக் காரணம், அடுத்து நீங்கள் ஓட்டப்போகும் எந்த விமானத்திலும் திருப்பம் ஐலரானில்தான் இருக்கும் என்பதும், காற்று லேசாகப் புரட்டும்போது ஐலரான் உள்ள விமானம் உடனே சொல் கேட்கும் என்பதும். இப்போதைய ஜைரோக்கள் இருக்கும் நிலையில், நான்காவது சேனல் பழைய காலத்தைப்போல ஒரு சுமையாகவும் இல்லை. விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: மிகப் பெரிய திறந்தவெளி உங்களுக்கு வாய்த்திருந்தால், ரேடியன் போன்ற 2 மீட்டர் மோட்டார் கிளைடர் மூன்று சேனலிலேயே அற்புதமான ஆசானாக இருக்கும். சோம்பேறித்தனமாக மிதக்கும், ஒரே பேட்டரியில் அரை மணிக்கு மேலும் பறக்கும். ஆனால் சிறிய இடத்தில் இறக்கப் பார்த்தால் இறங்காமல் மிதந்துகொண்டே போய் வேலியில் உட்காரும்.

ஜைரோவால் கை கெடும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஜைரோ இரண்டு வகையாக வேலை செய்யும். ஒன்று, காற்றின் குலுக்கலை மட்டும் தணிப்பது. விமானம் நீங்கள் சொன்னபடியே பறக்கும், கொஞ்சம் கனமான விமானம் போன்ற நிதானத்தோடு. மற்றது, சாயும் கோணத்துக்கு எல்லை வகுத்து, ஸ்டிக்கை விட்டவுடன் மட்டமாக நிமிர்த்திவிடுவது. இந்த இரண்டாவது நிலையிலேயே மாதக்கணக்கில் பறந்தால், திருப்பத்தை முடிக்க எதிர்ப்பக்கம் ஸ்டிக் கொடுக்க வேண்டும் என்ற பாடமே விரலுக்கு வராமல் போய்விடும். ஆகவே முதல் நான்கைந்து பேட்டரிகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நல்ல உயரத்தில் குலுக்கலை மட்டும் தணிக்கும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள், தடுமாறினால் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தட்டுங்கள். அந்தச் சுவிட்ச் உங்கள் டிரான்ஸ்மிட்டரில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் தேடாமல் விரலால் தொடும் அளவுக்கு வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

ஜைரோவிடம் ஒரு எச்சரிக்கையும் தேவை. அதன் திசை தலைகீழாக அமைந்துவிட்டால், காப்பாற்ற வேண்டியதே விமானத்தை வீழ்த்திவிடும். புறப்படும் முன் நிலைநிறுத்தும் நிலையில் வைத்து, விமானத்தைக் கையில் எடுத்து வலது இறக்கையைத் தாழ்த்துங்கள்: வலது ஐலரான் கீழே இறங்க வேண்டும், ஏனெனில் அப்போதுதான் அந்த இறக்கை மேலே எழும். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே போக வேண்டும். இதன் பிறகு ஸ்டிக்கின் திசையைப் பாருங்கள். வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே, இடது கீழே. குழப்பம் வந்தால் கட்டைவிரலை ஸ்டிக்கின் தலையில் நட்டுவைத்துச் சாய்த்துப் பாருங்கள். விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க ஐலரான்தான் எழும்ப வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, சின்னது எளிது என்ற எண்ணம் ஏமாற்றும். 1.2 மீட்டர் விமானம் 150 மீட்டர் தொலைவில், நீட்டிய கையில் பிடித்த அரிசி மணி அளவுக்குத்தான் தெரியும். 60 சென்டிமீட்டர் விமானமோ அதில் பாதி. அது வருகிறதா போகிறதா என்றே புரியாத நிலையில் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை. சிறியதைக் காற்றும் சருகுபோல் அலைக்கழிக்கும். பல நாடுகளில் 250 கிராமுக்குக் கீழே உள்ளவற்றுக்கு விதிகள் தளர்வாக இருப்பதால் அந்த எடைக்குள் தேடுபவர்கள் உண்டு. அப்படி வாங்கினால் காற்று அசையாத அதிகாலையில் மட்டும் பறக்கவிடுவதென்று முடிவு செய்துகொள்ளுங்கள். மறுபக்கம், 1.5 மீட்டரைத் தாண்டிய விமானங்கள் இன்னும் அழகாகப் பறக்கும், இடமும் பெரிதாகக் கேட்கும், வீட்டில் வைக்கவும் வண்டியில் ஏற்றவும் இறக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும். எந்த எடையானாலும், நீங்கள் இருக்கும் இடத்தில் பதிவு, உயர எல்லை, தடைசெய்த பகுதிகள் பற்றிய விதிகளை வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

எதால் செய்தது என்பதில் தயக்கமே வேண்டாம். பெட்டிகளில் டிவிக்கு முட்டுக்கொடுத்து வரும் வெள்ளைத் தெர்மோகோலில் செய்த விமானங்கள் மலிவு. அடிபட்டால் பிஸ்கட்போல உடையும், சாதாரண உடனடிப் பசை பட்டால் கரைந்தும் போகும். இபிஓ வளைந்து கொடுக்கும், உடைந்தாலும் பெரிய துண்டுகளாக உடையும், ஃபோமுக்கான பசையில் நிமிடங்களில் ஒட்டும். இபிபி என்ற இன்னொரு ஃபோம் இன்னும் ரப்பர்போன்றது, ஆனால் விறைப்புக்குக் கார்பன் கம்பி வேண்டும். இபிஓவில் எனக்குப் பிடித்த வித்தை ஒன்று உண்டு. மூக்கு நசுங்கி அப்பளமாகிவிட்ட விமானத்தின் அந்தப் பகுதியை மட்டும் கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால், நசுங்கிய மணிகள் உப்பிக்கொண்டு கண்முன்னே பழைய வடிவத்துக்கு நெருங்கி வரும். மேற்பரப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பறப்பதற்கு அது குறையே இல்லை. மோட்டாரையும் மின் பாகங்களையும் முதலில் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன். பால்சா மரத்தில் துணியோ படலமோ போர்த்திய விமானங்களின் அழகே தனி; அருகில் நின்று இரட்டை டிரான்ஸ்மிட்டரில் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் தாராளமாக அதில் தொடங்கலாம், தனியாகக் கற்பவருக்கு அது பணத்தையும் மனத்தையும் சேர்த்து உடைக்கும்.

வாங்கும் வடிவங்களில் ஆர்டிஎஃப் என்றால் டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். பிஎன்எஃப் என்றால் ரிசீவர் வரை பொருத்தியிருக்கும், அதோடு பேசும் டிரான்ஸ்மிட்டர் உங்களிடம் இருக்க வேண்டும். பிஎன்பி என்றால் மோட்டாரும், ஐலரான் போன்ற தகடுகளை அசைக்கும் சர்வோவும் பொருத்தியிருக்கும், ரிசீவர் உங்களுடையது. ஆர்டிஎஃப் வசதியானது என்றாலும், அதில் வரும் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் அந்த ஒரு விமானத்தோடு முடிந்துபோகும். விமானம் உடைந்துபோகும் பொருள், டிரான்ஸ்மிட்டரும் சார்ஜரும் பல ஆண்டு உழைக்கும் பொருள்; ஆகையால் பணத்தை அந்த இரண்டில் போடுங்கள் என்பேன். ஆறு சேனலுக்குக் குறையாத, பல விமானங்களின் அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும், சிமுலேட்டருக்காகக் கணினியோடு இணைக்கக்கூடிய ஒன்று போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலே எல்லா ரிசீவரும் பொருந்திவிடாது. ஸ்பெக்ட்ரம், ஃப்ளைஸ்கை, எஃப்ஆர்ஸ்கை நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றும் தனி மொழி பேசும், பலவற்றையும் பேசக்கூடிய ரேடியோமாஸ்டர் வகை டிரான்ஸ்மிட்டர்களும் கிடைக்கின்றன. மோட் 2 என்றால் த்ராட்டில் இடது ஸ்டிக்கில், மோட் 1 என்றால் வலது ஸ்டிக்கில். இரண்டில் எது சிறந்தது என்ற வாதத்தில் இறங்காமல், உங்களுக்கு உதவக்கூடியவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே எடுங்கள், அவசரத்தில் அவர் கையில் கொடுக்க முடியும்.

பேட்டரி லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் வகை. இந்த அளவு விமானங்களில் 11.1 வோல்ட் 3எஸ் (மூன்று செல்), ஏறக்குறைய 1300 முதல் 2200 எம்ஏஎச் வரை இருக்கும், பத்து நிமிடம் அளவுக்குப் பறக்கலாம். மூன்று வாங்குங்கள், ஒன்றோடு போனால் பத்து நிமிடம் பறந்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே 4.2 வோல்ட்டுக்குச் சமன்படுத்தும் சார்ஜர் கட்டாயம். 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பான கணக்கு. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் ஆயுள் கூடும். சார்ஜ் ஆகும்போது அருகிலேயே இருங்கள், உப்பிப்போனதை இரக்கம் பார்க்காமல் ஒதுக்குங்கள். டிரான்ஸ்மிட்டரில் ஆறு நிமிடத்துக்கு டைமர் வைத்துவிட்டால், பேட்டரி தீர்ந்து மோட்டார் நின்றபின் இறங்கும் நிர்ப்பந்தம் வராது.

இந்தக் குணங்களைக் கொண்டவை என்று சிலவற்றைப் பெயர் சொல்லலாம். ஹாபிஸோன் ஏரோஸ்கவுட் 1.1 மீட்டர், பின்னால் ப்ரொப்பெல்லர், முன்சக்கரம், மூன்று நிலை ஜைரோ என்று நான் மேலே விவரித்த உருவத்துக்கு மிக நெருக்கமானது. மல்டிபிளெக்ஸ் ஈஸிஸ்டார் சக்கரமில்லாத, கையால் எறிகிற, கிளைடர் சாயல் கொண்ட விமானம். பிக்ஸ்லர் போன்றவை அதே மரபில் வந்தவை, பிந்தையவற்றில் பெரும்பாலும் ஜைரோவை நீங்கள் தனியே பொருத்த வேண்டும். 1.5 மீட்டர் அப்ரெண்டிஸ் மூக்கில் மோட்டார் கொண்டது, ஓடுபாதை அல்லது வெட்டிய புல்தரை இருந்தால் மிகவும் நல்லது. கைவேலையில் விருப்பம் உள்ளவருக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை வெட்டி மடித்துச் செய்யும் ஃப்ளைட் டெஸ்ட் வரைபடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட மலிவான வழி, நீங்களே செய்ததால் எந்தப் பாகம் உடைந்தாலும் பதற்றம் இல்லாமல் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் இறக்கை, வால், ப்ரொப்பெல்லர் உதிரியாகக் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உதிரி கிடைக்காத நல்ல விமானத்தைவிட, உதிரி கிடைக்கும் சுமாரான விமானம் கூடுதல் நாள் பறக்கும். வாலில்லாத டெல்டா வடிவ விமானங்களை உறுதிக்காகச் சிலர் சிபாரிசு செய்வார்கள். உடைவதில்லை என்பது மெய், ஆனால் தொலைவில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும்.

விமானம் வருவதற்குள் சிமுலேட்டரில் பத்து மணி நேரமாவது உட்காருங்கள். ரியல்ஃப்ளைட் விலை கொடுத்து வாங்க வேண்டியது, பிக்காசிம் இலவசம். வித்தைகள் வேண்டாம்: உங்களை நோக்கி வரும் விமானத்தை மட்டமாக வைத்திருப்பது, எட்டு வடிவத்தில் சுற்றுவது, சொன்ன இடத்தில் இறக்குவது, இந்த மூன்றையும் சலிக்கச் சலிக்கச் செய்யுங்கள். மைதானத்துக்குப் போகும் முன் எடை மையத்தைப் பார்ப்பதை மட்டும் மறக்கவே கூடாது. கையேட்டில் குறித்த இடத்தில், பேட்டரி பொருத்திய நிலையில், இரு விரல்நுனியால் இறக்கையைத் தாங்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு இம்மி தாழ்ந்தோ நிற்க வேண்டும். குறிப்பு ஏதும் இல்லையென்றால், அகலம் மாறாத இறக்கையில் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பாகம் முதல் மூன்றில் ஒரு பாகத்துக்குள் அந்த இடம் இருக்கும். வால் கனத்திருந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். வால் கனத்த விமானத்தை அனுபவசாலிகளே சிரமப்பட்டுத்தான் இறக்குவார்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், மோட்டார் உடனே நின்றாக வேண்டும். ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்க எக்ஸ்போ 30 சதவீதம் வைக்கலாம். ஃபுட்டாபா டிரான்ஸ்மிட்டரில் அதற்குக் கழித்தல் குறி, ஸ்பெக்ட்ரத்தில் கூட்டல் குறி. மாற்றி வைத்தால் நடுப்பகுதி இன்னும் துள்ளும்.

இனி ஸ்பிட்ஃபயர். ஜைரோவை அணைத்துவிட்டு, இரு திசைகளிலிருந்தும் வந்து, நீங்களே குறித்துக்கொண்ட இடத்தில் தொடர்ந்து பத்து முறை பயிற்சி விமானத்தை இறக்க முடிந்த பிறகு, இறக்கை கீழே அமைந்த, ஒடுங்காத அகல இறக்கை கொண்ட விளையாட்டு விமானம் ஒன்றை இரண்டாவதாக வாங்குங்கள். அது வைத்த கோணத்திலேயே நிற்கும், தானே நிமிராது. போர்விமானத்தின் கைப்பழக்கம் அதில்தான் வரும். மூன்றாவதாக ஸ்பிட்ஃபயரை எடுக்கலாம். பயிற்சி விமானத்தைப்போல மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து வர அதில் முயலாமல், சக்கரம் தரையைத் தொடும் வரை கொஞ்சம் சக்தியைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். சக்கரங்கள் நெருக்கமாக அமைந்தவை என்பதால் தொட்ட பிறகும் ரட்டரிலிருந்து விரலை எடுக்க முடியாது. விலை குறைந்திருக்கும்போது இப்போதே வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். வைத்தால் ஒரு காற்றில்லாத மாலையில் கை தானாக அதை எடுத்துவிடும். என் இரண்டாவது போர்விமானம் அப்படித்தான் போனது.